சீண்டினது யாரு

நீங்களே சொல்லுங்கள், ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பாடித் தூங்க வைக்கிறவளுக்கு, தன் வயிற்றில் பிறந்தது மட்டும் அவள் வாயைத் திறந்ததும் கண்ணை அகலமாகத் திறந்து முழிக்கிறது என்றால், அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன், மேடையில் சிரிக்காமல் நின்றால் சனங்களுக்குப் பிடிக்காது, அதுவும் இது நிற்காத பஸ்ஸைப் பற்றின பாட்டு, எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் கையைக் காட்டக் காட்டப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகிற பஸ்ஸுக்கு நான் கட்டினது, இதை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட முடியாது. கையில் உடுக்கு, காலடியில் கரண்டில் ஓடுகிற சுருதிப்பெட்டி, முன்னால் மைக், அவ்வளவுதான் என் கச்சேரி. எத்தனையோ ஊரில் பாடின பாட்டு. வாய் தானாகப் போகிறது, விரல் தானாக உடுக்கைத் தட்டுகிறது, மனசுக்கு வேலை இல்லை, வேலை இல்லாத மனசு எங்கே போகும், மூன்றாவது வரிசைக்குத்தான் போகிறது. விளக்கு கண்ணில் அடிக்கிறதில் முன்வரிசைகள்தான் தெரிகின்றன, அதற்குப் பின்னால் இருட்டில் இருமலும் சிரிப்பும் மட்டும். மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் செல்லக்கனி அக்கா. என் வீட்டுக்காரர் கொம்பையாவுக்கு அண்ணன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அவள் மடியில் என் மகன் தளவாய். பல் முளைக்கிற பருவம், எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறான், இப்போது வைத்திருப்பது அக்காவின் தாலிக்கொடியை. என் கொடி கையில் கிடைத்தால் அறுத்துவிடுகிற மாதிரி இழுப்பான், அவளுடையதை மட்டும் அப்படியே பதமாக, சங்கில் பால் குடிக்கிற மாதிரிச் சப்புகிறான். அதில் என்ன தேனா தடவியிருக்கிறாள்? அவளும் அவனைத்தான் பார்க்கிறாள். நான் ஒருத்தி இங்கே தொண்டை கிழியப் பாடுகிறேன், கண்டக்டர் மாதிரி விசில் அடித்துக் காட்டுகிறேன், சபை முழுக்கக் கைதட்டுகிறது, அவள் தலையைத் தூக்கவில்லை. அவன் எச்சிலை முந்தானையால் துடைக்கிறாள், காதில் என்னவோ சொல்கிறாள், அவன் முன்பல் ரெண்டையும் காட்டிச் சிரிக்கிறான். என்ன சொன்னாள்? என்னைப் பற்றியா? அங்க பாரு, ஒங்காத்தா கத்துதா பாரு என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும். பஸ் போயிருச்சே, பஸ் போயிருச்சே என்று நான் முடிக்கிறேன், கைதட்டல் வருகிறது, நான் கும்பிடுகிறேன், கும்பிட்ட கைக்கு மேலே என் கண் இன்னும் அந்தத் தாலிக்கொடியில்தான் இருக்கிறது.

அக்காவுக்குப் பாட வராது. வராது என்றால் கோயில் கொடைத் திருவிழாவில் குலவை போட்டால்கூட எல்லாரும் முடித்த பிறகு இவள் சத்தம் மட்டும் தனியாக வரும். பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், முறத்தில் தூள், கையில் இலை, சுற்றச் சுற்ற மூக்குக்குள்ளிருந்து ஒரு சத்தம், ம்ம்ம் என்று, மாவு மில் ஓடுகிற மாதிரி, ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, கரண்டு போனால்தான் நிற்கும். அதற்குத்தான் அவன் தூங்குகிறான். முதல் தடவை அது நடந்த சாயங்காலத்தை நினைத்தால் இன்னும் எனக்குக் காது சூடாகிறது. வயிற்று வலியோ என்னவோ, வீல் வீல் என்று அழுகிறான், நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் பாடிவிட்டேன், நான் கட்டினது, கேட்டது, நாற்று நடப் பாடுகிறது, களையெடுக்கப் பாடுகிறது, எல்லாம் தீர்ந்து போய்த் தொண்டையும் கட்டிவிட்டது. பக்கத்து அறையில் இருந்து அக்கா முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வந்தாள், முந்தானையை உதறினாள், இங்க கொண்டா என்று வாங்கித் தோளில் போட்டாள், முதுகில் ரெண்டு தட்டு, மூக்கில் அந்த மில் சத்தம், அவ்வளவுதான், பயல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டான். அதோடு விட்டாளா? "பாட்டுக்காரி பிள்ளைக்குப் பாட்டு பிடிக்கலையாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் வாளித் தண்ணீரில் அவன் துணியைப் போட்டு அலசினேன், அலசி அலசி நைந்துபோகிற மாதிரி அலசினேன். இன்றைக்கும் அவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கழுத்து மடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்தால், சோப்புக்கு அடியில் பீடித்தூள் வாசம் வருகிறது. என் பால் வாசம் எங்கே போயிற்று? என் பிள்ளை மேல் அவள் தொழில் மணக்கிறது, என் தொழிலுக்கு மணமே கிடையாது, காற்றில் போகிறது. போனில் வருகிற சேதிகளைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்க பாப்பா ஒங்க தாலாட்டுக்குத்தான் தூங்குறா மேடம். எங்க பையன் ஒங்க பாட்டு இல்லாம தொட்டில்ல படுக்க மாட்டான். துபாயிலிருந்து ஒரு தகப்பன் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தான். அதை நான் சத்தமாக வைத்துக் கேட்டேன், அக்கா காதில் விழட்டும் என்றுதான் வைத்தேன், அக்கா பீடியை அடுக்கிக்கொண்டே, "பாவம், அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா இல்ல போல" என்றாள்.

இன்றைக்குக் காலையில் பஸ்ஸிலும் அப்படித்தான். ஜன்னல் ஓரம் அவள், மடியில் அவன், இந்தப் பக்கம் நான், என் மடியில் உடுக்குப் பை. பெற்றவள் மடியில் பை, பெறாதவள் மடியில் பிள்ளை என்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். "ஏட்டி முப்பிடாதி, நீ ஒத்தையாவா பாடுவ?" என்று கேட்டாள். "ஒத்தையாத்தான்க்கா. தனிக்குரல்னு நோட்டீஸ்லயே போட்டிருக்காகளே." "கூட ஒரு ஆள் கிடையாதா? வாய் வலிச்சா?" "பழகிருச்சு." "அம்புட்டுப் பேரும் சும்மா உக்காந்து கேப்பாகளா? ஆட்டம், கீட்டம்?" "ஆட்டமெல்லாம் கிடையாதுக்கா." "காசு குடுத்தா?" முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், கண்டக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன், தளவாய்கூடச் சிரித்தான். அப்புறம் அவளே சொன்னாள், "இந்தா பாரு, ஒனக்காக இந்தத் தடவ வந்துருக்கேன். அடுத்த தடவ வாரதும் வராததும் இவன் பாடு." அந்த அடுத்த தடவையில்தான் என் உயிர் தொங்குகிறது. தூத்துக்குடியில் தொடங்கி நாகப்பட்டினம் வரைக்கும் கடலோரத்து ஊர்களில் வரிசையாகக் கச்சேரிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறேன், நான் மட்டும், என் குரல் மட்டும், என் பாட்டு மட்டும். நான் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடிவிட்டு இறங்கினதிலிருந்து கேட்ட வரம் அது. கொம்பையா லாரியை எடுத்துக்கொண்டு போனால் எந்த ஊரிலிருந்து எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளையைப் பார்க்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. அக்கா வந்தால்தான் நான் போகலாம். அவள் வந்தால் ஊர் ஊராக அவன் அவள் மடியிலேயே கிடப்பான், நான் மேடையில் நிற்பேன், நாகப்பட்டினம் போய்ச் சேரும்போது அவன் யாரை அம்மா என்பான்? அவள் வராவிட்டால் பாட்டு போயிற்று. வந்தால் பிள்ளை போயிற்று. இதைத்தான் திருப்பித் திருப்பி நினைக்கிறேன், ரோட்டில் சுற்றுகிற மாதிரி சுற்றி மறுபடி அதே விலக்கில் வந்து நிற்கிறேன், பஸ்தான் நிற்க மாட்டேன் என்கிறது.

அடுத்து தாலாட்டு. கச்சேரிக்கு ஏற்பாடு செய்த டீச்சர் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிட்டார், அந்தப் பாட்டு பிறக்கக் காரணமான குட்டிப் பையனே இன்றைக்கு நம்ம கூட உட்கார்ந்திருக்கிறான் என்று, சபையே திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தது, பிள்ளையைப் பார்த்த கையோடு அக்காவையும் பார்த்தது, யாரோ ஒருத்தி அவளிடம் நீங்கதான் பாட்டியா என்று கேட்டிருக்க வேண்டும், அக்கா முகம் போன போக்கு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது, உள்ளுக்குள் எனக்கு ஒரு குளுமை. சுருதிப்பெட்டியில் சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். உடுக்கை விரல் நுனியால் மட்டும் தொட்டேன். கண்ணுல தண்ணி என்ன, கன்னத்துல ஈரம் என்ன, சீண்டினது யாரு தங்கம், சிணுங்க விட்டது யாரு. சபை அப்படியே அமுங்கிற்று. இந்தப் பாட்டின் சூட்சுமம் இதுதான், தாலாட்டில் சொந்தக்காரர்கள் மேல் பழி போடுவது நம் பெண்களின் வழக்கம், மாமன் செய்தானா, அத்தை செய்தாளா என்று ஒவ்வொருத்தராகக் கேட்பார்கள், ஆனால் வெறுங்கையோடு யாரையும் நிறுத்த மாட்டார்கள், கையில் ஒரு பூவைக் கொடுத்துத்தான் பழி சொல்வார்கள், பூ பட்டால் வலிக்குமா, வலிக்காது, அப்போது ஏசின மாதிரியும் ஆயிற்று, கொஞ்சின மாதிரியும் ஆயிற்று. பேர் வந்தவர்களுக்குப் பெருமைதான். பாட்டில் நான் சேர்த்ததைக் கேட்டுவிட்டு என் அண்ணன் மறுநாளே பிள்ளைக்கு அரைஞாணோடு வந்து நின்றான். வழக்கம் ஊருடையது, மெட்டும் அடியும் என்னுடையவை, சபையில் கைப்பிள்ளைக்காரி இருந்தால் சொந்தக்காரர்களைக் கேட்டு அங்கேயே அடி கட்டி அங்கேயே பாடுவேன், அதற்காகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இன்றைக்கு இருக்கிற கைப்பிள்ளை ஒன்றுதான், அது என்னுடையது. மாமன் சீண்டினானோ மகிழம்பூக் கையால. பாடும்போதே அவன் தாலிக்கொடியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். உதடு பிதுங்கிற்று. அழத் தொடங்கிவிட்டான். நான் வருத்தப்பட வேண்டியவள், தாய் அல்லவா, ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம், கேடுகெட்ட சந்தோஷம், அழு ராசா, நல்லாச் சத்தமா அழு, ஒங்க அம்மா தூரத்தில் நிற்கிறாளே என்றுதானே அழுகிறாய், அந்த மடி ஆகாது என்றுதானே அழுகிறாய், எல்லாரும் கேட்கட்டும். மார்பு கனத்துப் பால் இறங்கிற்று, இப்படி ஆகும் என்று தெரிந்துதான் கருநீலச் சேலை கட்டிக்கொண்டு உள்ளே துண்டையும் மடித்து வைத்திருக்கிறேன், துண்டு நனைகிற சூடு தெரிந்தது, அத்த சீண்டினாளோ ஆவாரம்பூக் கையால, குரல் என்னையறியாமல் குழைந்தது, முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். அவன் கையை நீட்டினான். மேடையைப் பார்த்து, என்னைப் பார்த்து, ரெண்டு கையையும். அப்போது அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அவனைத் திருப்பித் தோளில் சாய்த்தாள். முதுகில் தட்டினாள். உதடு மூடியிருந்தது, ஆனால் தொண்டைக்குழி அசைந்ததை நான் பார்த்தேன், மில் ஓடத் தொடங்கிவிட்டது. எனக்குக் கேட்கவில்லை, யாருக்கும் கேட்டிருக்காது, என் குரல் பெரிய பெரிய பெட்டிகளில் நாலு பக்கமும் முழங்குகிறது, அவள் சத்தம் அவள் மூக்குக்கும் அவன் காதுக்கும் நடுவில் மட்டும். அவன் கால் உதைப்பது நின்றது. கை மடங்கிற்று. அழுகை விக்கலாகி விக்கலும் நின்றது. முன்வரிசை அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் பூரித்துப்போய்ச் சொல்கிறாள், "பாத்தியா, அம்மா பாட்டுக்கு அடங்கிருச்சு." இருட்டில் யாரோ கைதட்டினார்கள். ஒருவர் தட்ட எல்லாரும் தட்டினார்கள். எனக்குத் தட்டுகிறார்கள். என் பாட்டுக்காம். நான் சிரித்துத் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன், வாங்கும்போதே எனக்குத் தெரியும் அது அவளுடையது என்று, அவளுக்கும் தெரியும், அவள் ஒரு தடவை மேடைப் பக்கம் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, கேலியாகச் சிரித்திருந்தால்கூடச் சரி, அவள் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அவன் தலையில் கன்னத்தை வைத்திருந்தாள். அடுத்த அடிக்கு உடுக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். பெரியம்மா சீண்டினாளோ பித்தளக் கரண்டியால.

சபை சிரித்தது. வெடித்துச் சிரித்தது என்றே சொல்ல வேண்டும், பின்னால் ஒருவர் "சபாஷ்" என்று கத்தினார், பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள், எல்லார் வீட்டிலும் ஒரு பெரியம்மாவும் ஒரு கரண்டியும் இருக்கும் அல்லவா, அதுவரை பூவாகப் போய்க்கொண்டிருந்த பாட்டில் சட்டென்று ஒரு கரண்டி வந்து டணங்கென்று விழுந்ததும் சிரிக்காமல் என்ன செய்வார்கள். சிரிப்பில் தளவாய் பதறி மறுபடி அழுதான். அக்கா கண்ணைத் திறந்தாள். இந்தச் சாயங்காலத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். கோபம் என்றும் சொல்ல முடியவில்லை, அழுகை என்றும் சொல்ல முடியவில்லை, கடையில் எல்லார் முன்னாலும் பையைக் காட்டச் சொன்னால் ஒரு முகம் வருமே, அந்த முகம். எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள். நடுப்பாதையில் நடந்து இருட்டுக்குள் போய்விட்டாள், கதவு திறந்து மூடின வெளிச்சம் ஒரு கோடாக வந்து போயிற்று. நான் பாடிக்கொண்டிருக்கிறேன். தூங்கு தங்கம், தூங்கு என்று பாடிக்கொண்டிருக்கிறேன், தூங்க வேண்டியது வெளியே போயிற்று. கும்மிக் குழுவில் பாடின காலத்தில் என்றால் பக்கத்தில் நிற்கிறவளைக் கண்ணால் பார்த்தால் போதும், அவள் எடுத்துக்கொள்வாள், நான் தண்ணீர் குடிக்கப் போகலாம், ஓடலாம், இப்போது நான் வாயை மூடினால் அத்தோடு சத்தமே இல்லை, சுருதிப்பெட்டி மட்டும் ஆள் இல்லாத வீட்டில் விட்டுப்போன மாடு மாதிரிக் கத்திக்கொண்டு கிடக்கும். தனிக்குரல் தனிக்குரல் என்று ஆசைப்பட்டேனே, இதுதான். தாலாட்டு முடிந்தது. உப்பளத்துப் பாட்டைத் தொடங்கினேன். மோனைதான் செய்தது, பெரியம்மாவுக்குப் பி-யில் ஏதாவது வர வேண்டும், பித்தளை வந்தது, பித்தளைக்குப் பின்னால் கரண்டி வந்தது, மேடையில் நின்று அடி கட்டினால் யோசிக்க நேரமா இருக்கிறது, வந்த சொல்லைத்தானே பாட முடியும், அக்காவிடம் இப்படித்தான் சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவாளா? அது எந்தக் கரண்டி என்று அவளுக்குத் தெரியாதா? அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் சீராக வந்த கரண்டி, குழம்புக்குக்கூட எடுக்காமல் துலக்கித் துலக்கி வைத்திருந்தாள், போன மாதம் அவன் கை அதை நோக்கிப் போனது என்று எடுத்து அவனிடமே கொடுத்துவிட்டாள், அவன் தரையில் டங்கு டங்கு என்று அடித்து விளிம்பு நெளிந்துவிட்டது, போனாப் போகுது, அவன் ஆயுசுக்கு என்றாள். அந்தக் கரண்டியை எடுத்துத்தான் அவளை அடித்திருக்கிறேன், அத்தனை பேர் நடுவில், மைக் வைத்து. உப்பளத்துப் பாட்டில் பாடின அடியையே மறுபடி பாடிவிட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. பை இருக்கிறதா? மஞ்சள் பை, அவன் துணியும் பிஸ்கட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் இருக்கிற பை, நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தாள், இருந்தால் திரும்பி வருவாள், இல்லாவிட்டால் போய்விட்டாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் காலை நீட்டி மறைத்துக்கொண்டிருக்கிறான், காலை எடுய்யா, கொஞ்சம் எடு. பஸ் ஸ்டாண்டு இந்த ரோட்டு முனையில்தான். ஏறி உட்கார்ந்துவிட்டால் எங்கள் ஊர் விலக்கில் இறங்கி நடந்துவிடுவாள், பயப்படுகிறவள் இல்லை, வீட்டில் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் மோசம், ஏசுகிறவளாக இருந்தால் பதிலுக்கு ஏசித் தீர்த்துக்கொள்ளலாம், இவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மில்லை ஓட விட்டுவிடுவாள், அடுத்த தடவை வாங்கக்கா என்றால் இலையை நறுக்கிக்கொண்டே ஏன், கரண்டி எடுத்துக்கிட்டா வரணும் என்பாள். கடலோரம் போயிற்று. தூத்துக்குடி போயிற்று. அதுகூடப் போகட்டும், ரோட்டில் லாரி வருமே, இவள் பார்த்துக் கடப்பாளா, பிள்ளைக்குப் பசிக்குமே, பசித்தால் என்னைத் தேடுவானே, தேடுவானா? பஸ்ஸில் ஜன்னல் காற்று பட்டதும் அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிவிடுவான், நான் இல்லை என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கு நெஞ்சு அடைக்கிறதே, அது அவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் அடைக்கிறதா, ஒன்றும் ஆகாது, அவளிடம் சுகமாகத்தான் இருப்பான் என்ற பயத்தில் அடைக்கிறதா? பாதிக்குப் பாதி. ரெண்டாவது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அந்த ஆள் காலை மடக்கினான். பை இருந்தது.

பை இருந்தால் என்ன, மறந்துகூடப் போயிருக்கலாம். பாட்டின் கடைசி அடியை ரெண்டு தடவை நீட்டினேன். கதவு திறந்தது. வெளிச்சக் கோட்டில் ஒரு உருவம், தோளில் துணி மூட்டை மாதிரி ஒன்று, நடை எனக்குத் தெரியும், இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைப்பாள். நாற்காலியில் போய் உட்காருவாள் என்று பார்த்தால் மூன்றாவது வரிசையைத் தாண்டி வந்தாள். முன்வரிசையையும் தாண்டினாள். டீச்சர் ஓடி வந்து, "அம்மா, பாட்டு நடக்குது, உட்காருங்கம்மா" என்று கையை மறித்தார். "எங்க வீட்டுப் பிள்ளதான் பாடுதா. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருதேன், நீங்க உக்காருங்க" என்று டீச்சரையே உட்கார வைத்துவிட்டு நேராக மேடைக்குக் கீழே வந்து நின்றாள். கொடை விழாவில் சாமியாடுகிறவரிடம் போய் நிற்கிற மாதிரி, யாரிடமும் கேட்காமல். நான் உடுக்கை உள்ளங்கையால் அமுக்கினேன். மைக்கைத் தள்ளிவிட்டு மேடை விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்தேன். சபை முழுக்க எங்களைப் பார்க்கிறது, சுருதிப்பெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பீடித்தூள் வாசம் வந்தது. "தூங்கிட்டானாக்கா?" என்றேன். "தூங்காம என்ன செய்வான்? வெளிய வேம்பு நிக்கி, நல்ல காத்து." நான் கிட்டே குனிந்ததில் அவனுக்கு என் வாடை தெரிந்திருக்க வேண்டும், மூக்கைச் சுருக்கினான், ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், நன்றாகத்தான் பார்த்தான், பார்த்துவிட்டு அக்கா கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தெரிந்துதான் திரும்பினானா, தெரியாமலா? அதை இப்போது யோசிக்கக் கூடாது. "அக்கா, அது வாய் தவறி..." "எது?" "கரண்டி." "வாயெல்லாம் தவறலட்டி" என்றாள். "எனக்குத் தெரியாதா? கை தட்டினாகளே, அப்பமே ஒன் மூஞ்சியப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும்." நான் தலையைக் குனிந்தேன். "ஒன் மண்டையிலயே ஒண்ணு போடணும்னுதான் எந்திரிச்சேன். அம்புட்டுப் பேரும் சிரிக்காக. வெளிய போயி மரத்தடியில நின்னு நல்லா ஏசுனேன் ஒன்ன. இவன் கேட்டுக்கிட்டே தூங்கிட்டான்." எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, அவள் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். "இவன் பிறந்ததுல இருந்து இந்தப் பாட்டப் பாடுத. மாமன் வந்தான். அத்த வந்தா. எங்கயோ கோயம்புத்தூர்ல இருக்க ஒங்க சித்தப்பன்கூட வந்தான், பிள்ள முகத்தப் பாத்தே இருக்க மாட்டான் அந்த மனுசன். பீடி சுத்திக்கிட்டே நானும் காத நீட்டிக்கிட்டு இருப்பேன், இன்னைக்கு நம்ம பேரு வரும், நாளைக்கு வரும்னு. ஒரு நாளு வந்துச்சா? அந்த எரிச்சல்லதான் மூக்கால ஊதிக்கிட்டுக் கிடந்தேன்." அந்த மில்லுக்குள் இவ்வளவு நாளாக ஒரு காது இருந்ததா? நான் அவள் சத்தத்தைக் கேட்டுப் பொருமிக்கொண்டு இருந்தேன், அவள் என் பாட்டில் தன்னைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறாள், நடுவில் ஒரு சுவர்தான். அவன் பாதத்தைப் பிடித்தேன். காலை உதறிக்கொண்டான் பயல். வலித்தது, இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது, அக்கா அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அந்தக் காலைத் தன் கையாலேயே பிடித்து என் உள்ளங்கையில் வைத்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, எந்திரி, காத்துக்கிட்டு இருக்காக" என்றாள் அக்கா. எழுந்தேன். மைக்கை இழுத்தேன். அவள் போகாமல் அங்கேயே நின்றாள், கழுத்தை அண்ணாந்து, முகம் சிவந்து, என்னிடம் இதுவரை எதையுமே கேட்டிராதவள்.

"ஏட்டி, நம்ம ஊர்ல பிச்சிப்பூன்னு ஒண்ணு பூக்கத்தான செய்யுது? அந்தக் கரண்டியத் தூரப் போட்டுட்டு, என் கையில ஒரு பிச்சிப்பூவக் குடுத்து இன்னொருக்கப் பாடேன். மெதுவாப் பாடு, பிள்ள முழிச்சிரப் போறான்."